ஒரு வரி நழுவிய நாற்காலி

கையெழுத்தைப் போட்ட பிறகுதான் பெட்டியைத் திறக்கலாம் என்பது அந்தக் கம்பெனியின் விதி. திறந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது சந்தேகப் புத்தி என்றும், சந்தேகப் புத்தி உள்ளவர்களோடு கம்பெனி வியாபாரம் வைத்துக்கொள்வதில்லை என்றும் ரசீதின் பின்பக்கத்தில் கடுகளவு எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். சலூன்காரருக்குச் சந்தேகப் புத்தி கிடையாது. இருபத்திரண்டு வருடமாக ஊரார் கழுத்தில் கத்தி வைத்துப் பிழைக்கிற மனிதருக்கு நம்பிக்கையின் அருமை தெரியாமல் இருக்குமா? 'பெற்றுக்கொண்டேன், பரம திருப்தி' என்ற வரிக்குக் கீழே முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டார்.

லாரியில் வந்த இரண்டு பேரும் மளமளவென்று வேலை பார்த்தார்கள். பழைய நாற்காலியைத் தூக்கி லாரியில் ஏற்றினார்கள். பழையதைக் கொடுத்தால் புதியதில் விலை குறையும் என்பது பேச்சு. பிறகு புதியதை இறக்கி, சிமென்ட் தரையில் நான்கு துளை போட்டு, முழங்கை நீள போல்ட்டுகளை முடுக்கினார்கள். அட்டைப் பெட்டி, நெளிவுத் தாள், கயிறு என்று ஒன்று விடாமல் சுருட்டிக்கொண்டார்கள்.

"குப்பையை நாங்களே எடுத்துட்டுப் போயிடுவோம்ண்ணே. அது எங்க கம்பெனியோட சேவை" என்றான் ஒருவன்.

லாரி தெருமுனை திரும்பிய பிறகுதான் சலூன்காரர் நாற்காலியை நிதானமாகப் பார்த்தார். நீல நிறம். மெத்தென்று இருந்தது. தலைக்கு மேலே ஒரு இரும்புக் கை வளைந்து வந்து, அதன் நுனியில் ஒரு விளக்கு. இடது பக்கம் சின்னதாக ஒரு பீங்கான் தொட்டி. ரொம்ப நவீனம் போலிருக்கிறது என்று முதலில் சந்தோஷப்பட்டார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னங்க, இது பல் டாக்டர் நாற்காலி."

"அப்படியா?"

"அந்தத் தொட்டி எதுக்குன்னு நெனச்சீங்க?"

"ஷேவிங் தண்ணிக்குன்னு நெனச்சேன்."

"ரத்தம் துப்பறதுக்கு" என்றாள் அவள்.

மறுநாள் முதல் ஆளாக ரிட்டயர்டு வாத்தியார் வந்தார். இருபத்திரண்டு வருட வாடிக்கை. நாற்காலியில் ஏறிச் சாய்ந்தார். சாய்ந்ததும் வாயை ஆவென்று திறந்தார்.

"எதுக்கு சார் வாயைத் திறக்கறீங்க?"

"தெரியலப்பா. படுத்ததும் அது பாட்டுக்குத் திறந்துக்குது."

அந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வழியில்லை. எந்த நெம்புகோலை அமுக்கினாலும் பாதி சாய்வு அல்லது முழுச் சாய்வு. படுத்திருக்கிற மனிதனுக்கு முன்பக்கம் வெட்டலாம், பின்பக்கம் வெட்ட முடியாது. அந்த வாரத்தில் ஆறு பேர் முன்பக்கம் மட்டும் வெட்டிக்கொண்டு, பின்பக்கத்துக்கு எதிர்ச்சாரியில் புதிதாகத் திறந்திருந்த கடைக்குப் போனார்கள். எதிர்க்கடைக்காரர் பின்பக்கத்தோடு நிறுத்துகிற ஆள் இல்லை. அடுத்த தடவை முன்பக்கமும் தன்னிடமே வரும்படி பார்த்துக்கொண்டார். போதாக்குறைக்குக் கன்னம் வீங்கியவர்கள் எல்லாம் இந்தக் கடையை எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒருவர் போகவே மறுத்தார். "நீங்க புடுங்க வேண்டாங்க, சும்மா விளக்கைப் போட்டுப் பாருங்க, அது போதும்" என்று அழாக்குறையாகக் கேட்டார். சலூன்காரர் இரக்க சுபாவம். விளக்கைப் போட்டுப் பார்த்து, டாக்டரிடம் போகச் சொல்லி அனுப்பினார். இந்த இரக்கம் பின்னால் அவர் தலையில் விடிந்தது.

எட்டாம் நாள் கடையைப் பூட்டிவிட்டுக் கம்பெனிக்குக் கிளம்பினார்.

கம்பெனி ஏழு மாடிக் கட்டடம். வாசலில் ஒரு காவலாளி. உள்ளே போகிறவர் முதலாளியே ஆனாலும் அட்டையில் இருக்கிற போட்டோவையும் ஆளையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் விடுவார். அட்டை இல்லாத வெளியாட்களுக்கு அங்கேயே ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். சலூன்காரருக்கு, 'நெற்றி அகலம், கண்ணாடி உண்டு, தாடி இல்லை' என்று எழுதிக் கொடுத்தார்.

வழியில் கிடங்கு. இரும்புக் கதவு பாதி தூக்கியிருந்தது. உள்ளே கண்ணை ஓட்டிய சலூன்காரர் அப்படியே நின்றார். சிவப்பு ரெக்ஸின், பளபளவென்று கைப்பிடி, சுற்றுகிற அடிப்பாகம். அவர் கேட்ட நாற்காலி! கழுத்தில், அவர் அதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த அன்று கட்டிய அட்டை அப்படியே தொங்கியது. அதில் அவருடைய கடை முகவரி.

"இதுதாங்க என்னுது. எடுத்துக்கிட்டுப் போகலாமா?" என்று கிடங்குக்காரரிடம் கேட்டார்.

"தாராளமா. ஏழாவது மாடி மேனேஜர் கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வாங்க."

ஒரே ஒரு கையெழுத்துதானே என்று படி ஏறினார்.

ஏழாவது மாடியில் இருந்தது தவறு மேலாண்மைப் பிரிவு. மேனேஜரைப் பார்ப்பதற்கு முன்னால் அவருடைய மீசையைத்தான் யாரும் பார்ப்பார்கள். அது மூக்குக்குக் கீழே புறப்பட்டு, இரண்டு கன்னத்திலும் ஏறி, காதைத் தொடலாமா வேண்டாமா என்று யோசித்து நின்றிருந்தது. தொழில் பழக்கத்தில் சலூன்காரர் அதை இரண்டு நிமிஷம் மரியாதையோடு பார்த்தார். நல்ல முடி, இடது பக்கம் மட்டும் அரை நூல் இறக்கம்.

மேனேஜர் காகிதங்களைப் புரட்டினார். எழுந்து வந்து சலூன்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"தப்பு எங்க மேலதான். அதுல சந்தேகமே இல்ல."

சலூன்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "ரொம்ப நன்றி சார்."

"தப்பை ஒத்துக்கற கம்பெனி ஊர்ல எத்தனை இருக்கு சொல்லுங்க? நாங்க ஒத்துக்குவோம். ஆனா பணம் உங்க மேல."

"புரியலீங்களே சார்."

"பல் நாற்காலி விலை நீங்க கேட்ட நாற்காலியை விட நாலு மடங்கு. மீதி மூணு மடங்கை நீங்க கட்டணும். யோசிச்சுப் பாருங்க. தப்பு பண்ணினதும் நாங்க, பணத்தையும் நாங்களே போட்டா, இதுல உங்க பங்களிப்புதான் என்ன? எல்லாத்தையும் நாங்களே பண்ணினா அது உறவே இல்ல. ஒருதலைப் பட்சம்."

"அப்போ இந்த நாற்காலியைத் திருப்பி எடுத்துக்கங்க சார்."

"தாராளமா எடுத்துக்குவோம். அசல் நிலையில, அசல் பெட்டியில வெச்சுக் கொடுங்க."

"பெட்டியை உங்க ஆளுங்களே எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்களே."

"அது எங்க சேவை" என்றார் மேனேஜர், மீசையைத் தடவிக்கொண்டு. "சேவையையும் புகாரையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது. எதுக்கும் ஒரு விசாரணை வெச்சுடுவோம்."

அந்தக் கம்பெனியில் ஆர்டர் எடுக்கிற முறை ஊர் உலகத்தில் இல்லாதது. விலைப்பட்டியலில் சாமானின் வரிக்கு அடியில் ஒரு மர ஸ்கேலை வைப்பார்கள். அந்த வரியைப் பார்த்து ஆர்டர் புத்தகத்தில் கையால் எழுதுவார்கள். நிறுவனர் காலத்து ஸ்கேல், நிறுவனர் காலத்து வழக்கம். கம்ப்யூட்டர் இல்லாமல் இல்லை. வேலை இல்லாத நேரத்தில் ஸ்கேலை அதன் மேல்தான் வைப்பார்கள். சலூன்காரர் ஆர்டர் கொடுத்த அன்று ஸ்கேல் ஒரு வரி கீழே நழுவிவிட்டது. முடிதிருத்தும் நாற்காலிக்கு அடுத்த வரி பல் மருத்துவ நாற்காலி. அவ்வளவுதான் விஷயம். இதைக் கண்டுபிடிக்க ஐந்து பேர் கொண்ட குழு அமைத்தார்கள். ஸ்கேலை நழுவ விட்ட குமாஸ்தாவே குழுவுக்குத் தலைவர். இந்தத் தப்பில் அவரளவுக்கு அனுபவம் உள்ளவர்கள் கம்பெனியில் வேறு யாரும் இல்லையாம்.

"ஆர்டர் கொடுக்கும்போது நீங்க எங்க நின்னீங்க?" என்று கேட்டார் தலைவர்.

"மேசைக்கு எதிர்ல."

"சும்மா நின்னீங்களா?"

"ஒரு தும்மல் வந்துச்சு."

ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உடனே மேசையை அன்று இருந்த இடத்தில் போட்டார்கள். பட்டியலை விரித்து ஸ்கேலை வைத்தார்கள். சலூன்காரரை எதிரில் நிற்கவைத்து, மிளகுப் பொடியை மூக்கருகே நீட்டினார்கள். முதல் தும்மல் சன்னமாக இருந்ததால் தள்ளுபடி ஆனது. இரண்டாவதற்கு ஸ்கேல் மயிரிழை நகர்ந்தது. மூன்றாவதில் மனிதர் உயிரே போகிற மாதிரி தும்மினார். ஸ்கேல் மேசையை விட்டே கீழே விழுந்தது. குழு கைதட்டியது.

தீர்ப்பு ஒரு வாரத்தில் தபாலில் வந்தது. தவறில் மூன்றில் ஒரு பங்கு வாடிக்கையாளருடையது. ஆனால் தவறு என்பது துண்டு போடக்கூடிய பொருள் இல்லை என்பதால், முழுத் தவறையும் அவரே வைத்துக்கொள்ளலாம். மிளகுப் பொடிச் செலவு தனி. கன்னம் வீங்கிய ஒருவரை விளக்கு போட்டுப் பார்த்ததாகத் தெரியவருவதால், நாற்காலியின் கூடுதல் வசதிகளை அவர் அனுபவித்திருக்கிறார். அதற்கும் தனி.

"விளக்கு போட்டதை யாருங்க அவங்க கிட்ட சொன்னது?" என்று மனைவி கேட்டாள்.

"நான்தான். நாற்காலி நல்லா இருக்கான்னு கேட்டாங்க. விளக்கு நல்லா எரியுதுன்னு சொன்னேன்."

"வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா? அந்த நாற்காலில உக்காந்தா உங்களுக்கும் திறந்துக்குதோ?"

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. அவளுடைய சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. கடைக்கு வாத்தியார் ஒருவர்தான் மிச்சம். அவரும் பேப்பர் படிக்க மட்டும் வந்தார், பின்மண்டையில் முடி சட்டைக் காலரைத் தொட்டுக்கொண்டிருந்தது. சலூன்காரருக்கு ராத்தூக்கம் போயிற்று. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. கத்தரிக்கோலைக் காற்றில் சும்மா கிச்சுக் கிச்சென்று வெட்டிக்கொண்டே கடைக்குள் அங்குமிங்கும் நடந்தார். எதிர்க்கடையில் நாற்காலி சுற்றுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

மறுபடியும் கம்பெனிக்கு ஓடினார். காவலாளி பழைய சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்த்தார்.

"சீட்டுல தாடி இல்லைன்னு இருக்கு. உங்களுக்கு இருக்கு."

"கவலைல வளர்ந்துடுச்சுங்க."

"கவலையைப் பத்திச் சீட்டுல ஒண்ணும் போடல. சீட்டுல இருக்கற ஆளைத்தான் உள்ள விட முடியும்."

பக்கத்துத் தெருவில் ஒரு சலூனைத் தேடிப் பிடித்து, வாழ்க்கையில் முதல் தடவையாக இன்னொருவருக்குக் காசு கொடுத்து முகம் மழித்துக்கொண்டார். அந்தச் சலூனில் இருந்ததும் அதே சிவப்பு ரெக்ஸின் நாற்காலி. எழுந்திருக்க மனசே வரவில்லை. திரும்பி வந்தபோது மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். அவருக்குப் பதிலாக ஒரு கடிதம் காத்திருந்தது. வருகிற வியாழக்கிழமை மேனேஜர் நேரில் வந்து நாற்காலியைப் பார்வையிடுவார். அதற்குள் பணம் கட்டாவிட்டால் கடைக்குச் சீல் வைக்கப்படும்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மேனேஜர் வந்தார். நாற்காலியைச் சுற்றி வந்தார். விளக்கைப் போட்டு அணைத்தார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"பணம் ரெடியா?"

"அவ்வளவு பணம் என் கிட்ட இல்லை சார்."

"சாயந்திரம் வரைக்கும் பொறுக்கறேன். நாளைக்கு எனக்குப் பரிசு கொடுக்கறாங்க, மனசு நல்லா இருக்கு. இந்த வருஷம் எங்க கம்பெனியோட தப்பு எத்தனை தெரியுமா? பூஜ்யம்! நான் வந்தப்போ வருஷத்துக்கு நாலாயிரம் தப்பு. ஒரு தப்பைக்கூட நான் குறைக்கல. எல்லாத்தையும் வாடிக்கையாளர் பேருக்கு மாத்திட்டேன். அதான் நிர்வாகம்." கண்ணாடியில் குனிந்து பார்த்தார். "நாளைக்கு போட்டோ எடுப்பாங்க. இந்த இடது பக்கம் கொஞ்சம் இறங்கி இருக்கோ?"

"அரை நூல் சார். முதல் நாளே பார்த்தேன்."

"சரி பண்ணிடுங்களேன்."

மேனேஜர் நாற்காலியில் ஏறிச் சாய்ந்தார். வாய் திறந்துகொண்டது. சலூன்காரர் ஒரு தாளை நீட்டினார்.

"முதல்ல இதுல ஒரு கையெழுத்து சார். வேலை முடிஞ்சது, பரம திருப்தின்னு."

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே?"

"முன்னாடியே போட்டுடணும். உங்க கிட்ட கத்துக்கிட்டதுதான்."

"பலே!" என்றார் மேனேஜர். "இப்படித்தான் முன்னுக்கு வரணும்." படுத்தபடியே கையெழுத்துப் போட்டார்.

சலூன்காரர் மீசைக்கு அடியில் சீப்பை வைத்து, அதன் பல்லை அளவாகக் கொண்டு கத்தரியை ஓட்டினார். மேனேஜர் படுத்த வாக்கில் பூஜ்யத் தப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். பேசப் பேச மீசை ஏறி இறங்கியது. 'பூஜ்யம்' என்று அவர் அழுத்திச் சொன்ன அந்த நொடியில் சீப்பு ஒரு வரி நழுவியது. இடது பக்கம் ஒன்றரை அங்குலம் அப்படியே கழன்று தொட்டியில் விழுந்தது. வேண்டுமென்றே நழுவியதா என்று என்னைக் கேட்கக் கூடாது. அதற்கு ஒரு குழு வைத்தால் நானும் வந்து தும்மிக் காட்டத் தயார். ஒரு பக்கம் போன பிறகு மறுபக்கத்தை மட்டும் விட்டுவைப்பது தொழிலுக்கு அழகில்லை என்பதால் சலூன்காரர் அதையும் எடுத்தார்.

கண்ணாடியைப் பார்த்த மேனேஜர் துள்ளி எழுந்தார்.

"என்னய்யா பண்ணின!"

சலூன்காரர் கத்தரியைக் கீழே வைத்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் கையில் ஒரு கிருதாகூடத் தப்பாய்ப் போனதில்லை. பயமாகவும் இருந்தது, பல நாளாக அடைத்திருந்த மூக்கு விட்டுக்கொண்ட மாதிரியும் இருந்தது.

"தப்பு என் மேலதான் சார். அதுல சந்தேகமே இல்ல. காசு உங்க மேல."

"என் மீசையைக் கொடு!"

"அசல் நிலையில, அசல் பெட்டியில கொண்டு வாங்க சார், திருப்பி எடுத்துக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே தொட்டியில் தண்ணீரைத் திறந்து விட்டார். மீசை சுழன்று உள்ளே போயிற்று. "குப்பை எடுக்கறது எங்க சேவை."

மேனேஜர் போலீஸுக்குப் போவேன் என்றார். கோர்ட்டுக்குப் போவேன் என்றார். பிறகு சட்டென்று அடங்கி உட்கார்ந்தார். நாளைய பரிசு நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"இது தப்புன்னு எங்கேயும் பதிவாகக் கூடாது. ஆகாம இருக்க உனக்கு என்ன வேணும்?"

"என் சிவப்பு நாற்காலி சார். இதை எடுத்துக்கிட்டு அதைக் கொடுத்துடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

மேனேஜர் பையிலிருந்து தாளை எடுத்து, கிடங்குக்கு உத்தரவு எழுதி, கையெழுத்துப் போட்டார். கைக்குட்டையால் மூக்குக்குக் கீழே மூடிக்கொண்டு வேகமாக வெளியே போனார். சலூன்காரர் அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்று வாத்தியாரிடம், "நாளைக்குச் சாயந்திரம் பின்பக்கம் வெட்டிடலாம் சார்" என்று வாக்குக் கொடுத்தார்.

மறுநாள் மனைவியும் லீவு போட்டாள். சின்ன வேன் ஒன்றை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு இருவரும் கம்பெனி வாசலுக்குப் போனார்கள். அங்கே நடைபாதையில் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். காவலாளி அவருடைய அட்டையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அட்டையில மீசை இருக்கு" என்றார் காவலாளி.

"நான்தான்யா அது! எட்டு வருஷமா தினம் எனக்கு சல்யூட் அடிக்கற!"

"மீசைக்குத்தான் சார் அடிச்சேன்."

"போட்டோவை மாத்திக் கொடு."

"அதுக்கு ஏழாவது மாடில மனு கொடுக்கணும்."

"ஏழாவது மாடிக்கு எப்படிப் போறது?"

"அட்டையைக் காட்டித்தான்."

சலூன்காரர் இடையில் புகுந்து, பணிவாகத் தன் உத்தரவை நீட்டினார். காவலாளி அதை வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"இந்தக் கையெழுத்து எப்போ போட்டது?"

"நேத்து மத்தியானம்."

"மீசை எப்போ போச்சு?"

மனைவி அவர் காலை மிதித்தாள். என்ன செய்ய, சலூன்காரருக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை. "மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னாடி" என்றார்.

"அப்போ இது அட்டையில இருக்கறவர் போட்டது இல்ல. மீசை வளர்ந்ததும் ரெண்டு பேரும் சேர்ந்து வாங்க. இவர் உள்ள போகட்டும், புதுசாக் கையெழுத்துப் போடட்டும், நீங்க நாற்காலியை எடுத்துட்டுப் போங்க."

பாதி திறந்த கிடங்குக் கதவு வழியாகச் சிவப்பு நாற்காலி தெரிந்தது. எண்ணி இருபது அடி. முதலில் கையெழுத்து, பிறகு வேலை என்று கம்பெனி படித்துப் படித்துச் சொல்லியிருந்தது. அவரும் முதலில்தான் வாங்கினார், ஆனால் கிடங்கு உத்தரவில் வாங்காமல் 'பரம திருப்தி'த் தாளில் வாங்கிவிட்டார். வேன்காரர் ஹாரன் அடித்தார். சலூன்காரர் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். மேனேஜரும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். உள்ளே பரிசு விழா கைதட்டல் கேட்டது. மேனேஜர் வராததால் பரிசை அவருடைய காலி நாற்காலியில் வைத்துப் போட்டோ எடுத்தார்களாம்.

இப்போது சலூன்காரருக்கு நிரந்தரமாக ஒரு வாடிக்கைதான். காலையில் ஒரு சின்னக் கிண்ணத்தில் எண்ணெயை எடுத்துக்கொண்டு கம்பெனி வாசலுக்குப் போகிறார். மேனேஜர் நடைபாதையில் முகத்தை அண்ணாந்து காட்டுகிறார். சலூன்காரர் மேலுதட்டில் எண்ணெய் விட்டு, இரண்டு கட்டை விரலாலும் இதமாகத் தேய்த்துவிடுகிறார். தேய்த்து முடித்ததும் காவலாளி வந்து அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி மட்டும் தினமும் கேட்கிறாள்.

"நாற்காலி எப்போங்க வரும்?"

அவர் ஆள்காட்டி விரலையும் கட்டை விரலையும் கொஞ்சம் விலக்கிக் காட்டுகிறார்.

"இன்னும் இவ்வளவுதாம்மா."